போன்சாய்க்கு மேப்பிள் எதற்கு, கிளுவை இருக்கையில்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் போன்சாய், அதாவது மரத்தைத் தொட்டியில் குட்டையாக வளர்க்கும் கலை, பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். இலை உதிர்க்கும் மரங்களே போன்சாய்க்கு உச்சம் என்று கட்டுரையாளர் எழுதியிருப்பதில் எனக்கு மறுப்பு இல்லை. எப்போதும் பச்சையாக நிற்கும் மரத்தில் குறைகளை இலை மறைத்துவிடும். இலை உதிர்க்கும் மரம் ஆண்டுக்கு ஒரு தடவையாவது தன் எலும்பைக் காட்டியே தீரும். வளர்த்தவரின் பொறுமையும் அவசரமும் அப்போது வெளியே வந்துவிடும். ஆனால் அடுத்த பத்தியிலேயே, ஜப்பான் மேப்பிள் விதை இணையத்தில் கிடைக்கிறது, வாங்கி மொட்டைமாடியில் முளைக்க வையுங்கள் என்று ஓர் ஆலோசனை. அதை நம்பி எத்தனை வீடுகளுக்கு விதைப் பொட்டலம் வந்து இறங்கப்போகிறதோ என்ற கவலையில் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளும். வெட்டிப் போடுவது தங்கள் விருப்பம்.

நான் தாவரவியல் படித்தவன் இல்லை. அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவன். தாராபுரம், மூலனூர், வெள்ளகோவில், காங்கேயம் என்று இந்தப் பக்கத்துச் சாலைகளிலேயே என் பணிக்காலம் பெரும்பாலும் கழிந்தது. சீட்டுக் கிழித்து முடித்த பிறகு ஜன்னல் வழியே பார்க்க வேறென்ன இருக்கிறது? எந்த மரம் தையில் கொட்டும், எது பங்குனி வரை இழுத்தடிக்கும், எது ஒரே வாரத்தில் மொட்டையாகி மறுவாரமே துளிர்க்கும் என்பதெல்லாம் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டதில்லை. போன்சாய் வளர்க்கத் தொடங்கிய பிறகு அந்த வேடிக்கை பார்த்த பழக்கம்தான் கைகொடுத்தது.

முதலில் மேப்பிள் விவகாரத்தை முடித்துவிடுகிறேன். அந்த மரம் இலையை உதிர்ப்பது குளிருக்காக. பகல் சுருங்கி, குளிர் ஏறும்போது உதிர்த்துவிட்டு உறங்கப் போகும். பல வாரங்கள் 7 டிகிரியும் அதற்குக் கீழுமாகக் குளிர் பட்டால்தான் அந்த உறக்கம் முழுமையாகும். அதன்பின் வெயில் ஏறும்போது மொட்டு ஒழுங்காக விரியும். தாராபுரத்தில் மார்கழி இரவில்கூட 15 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். உறக்கமே இல்லாத மரம் எத்தனை நாள் தாங்கும்? விதையும் அப்படித்தான். மூன்று, நான்கு மாதம் ஈரத்தோடு குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால்தான் முளைக்கும். முளைத்தாலும் 40 டிகிரியை ஒட்டும் சித்திரை வெயிலில் இலை ஓரம் கருகி நிற்கும். என் தங்கை மகன் ஒரு பொட்டலம் வாங்கினான். உறையில் நீல நிற இலையோடு மேப்பிள் படம். நீல இலை கொண்ட ஜப்பான் மேப்பிள் உலகத்தில் எங்குமே இல்லை, கணினியில் நிறம் மாற்றிய படம் அது என்று சொன்னேன். "மாமா, ஆயிரம் பேரு நல்லா இருக்குன்னு எழுதியிருக்காங்க" என்றான். முளைத்தது ஏதோ ஒரு கீரை. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: 'போன்சாய் விதை' என்று தனியாக ஒரு விதை கிடையாது. சாதாரண மரத்தின் சாதாரண விதைதான். குட்டையாவது நம் கையில்.

நீலகிரியிலும் கொடைக்கானலிலும் இருப்பவர்களுக்கு இந்தத் தடை அவ்வளவாக இல்லை. ஊட்டியில் உறைபனியே விழுகிறது. அங்கே பிளம்ஸ், பேரிக்காய், பீச் மரங்கள் ஒழுங்காக இலை கொட்டிப் பூக்கின்றன. பழைய தோட்டங்களில் கழித்துப்போடும் பேரி மரத்தின் அடிமரம் ஒன்று கிடைத்தால் விட வேண்டாம். என் கடிதம் சமவெளிக்காரர்களுக்கு.

நம் ஊரில் மரங்கள் இலையை உதிர்ப்பது வறட்சிக்காக. தண்ணீர் இல்லாத மாதங்களில் இலை வழியே ஈரம் வீணாகாமல் இருக்க உதிர்த்துவிட்டு, கோடை மழை வாசம் அடித்ததும் துளிர்க்கின்றன. போன்சாய்க்காரனுக்கு இதில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. ஜப்பானியரால் பனிக்காலத்தை வரவழைக்க முடியாது, வந்தால்தான் உண்டு. நமக்கோ கோடையின் பாதிக் கடிவாளம் பூவாளியில் இருக்கிறது. தினமும் தண்ணீர் ஊற்றினால் எங்கள் பக்கத்து வேலி மரமான கிளுவையும், மேய்ச்சல் நிலத்து வெள்வேலும் இலையைக் கொட்டாமல் நிற்கும். தையிலிருந்து மெல்லக் குறைத்தால் மாசியில் மொட்டையாகி, கிளைப்பின்னல் முழுக்கக் கண்ணுக்குத் தெரியும். அரச மரம் மட்டும் இதற்கெல்லாம் மசியாது. தண்ணீர் இருந்தாலும் தன் கணக்குப்படி கொஞ்ச நாள் கொட்டிவிட்டுச் செம்பு நிறத்தில் தளிர் விடும்.

ஜப்பானியரும் தங்கள் மலையில் இருந்த மரத்தைத்தான் தொட்டியில் வைத்தார்கள். 1923 நிலநடுக்கத்துக்குப் பிறகு தோக்கியோவை விட்டு வெளியேறிய போன்சாய் தோட்டக்காரர்கள் 1925-இல் ஓமியா என்ற இடத்தில் குடியேறினார்கள். நல்ல தண்ணீரும் காற்றும் விசாலமான இடமும் தேடிப் போனவர்கள். இன்றும் அது போன்சாய் கிராமம்தான். அந்த நாட்டுக் கெயாக்கி மரம் தன் இயல்பிலேயே துடைப்பத்தைக் கவிழ்த்து நிறுத்தினாற்போல விரியும். தொட்டியிலும் அதை அப்படியே வளர்த்தார்கள், அதுவே ஒரு பாணியானது. அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது கெயாக்கியை இல்லை, அந்தப் பழக்கத்தை.

எந்த மரம் என்று கேட்டால், என் அபிப்பிராயத்தைச் சொல்கிறேன். இலை சிறிதாக இருக்க வேண்டும், அல்லது வெட்ட வெட்டச் சிறுக்க வேண்டும். கணுக்களுக்கு இடையே தூரம் குறைவாக வர வேண்டும். வெட்டிய இடம் மூடிக்கொள்ள வேண்டும். புரசுக்கு இலை முறம் அளவு. இலவுக்கும் சரக்கொன்றைக்கும் அளவு ஒத்துவராது. சரக்கொன்றை குட்டித் தொட்டியில் சரம் சரமாகப் பூக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இலுப்பைத் தளிரின் நிறம் மனதை அள்ளும். ஆனால் பெரிய இலை, அதுவும் கிளைநுனியில் மட்டும் கொத்தாக வரும். இரண்டடிக்குக் குறைந்த மரத்தில் எடுபடாது. நெல்லி அருமையானது. நாம் அதன் இலை என்று நினைக்கிற கொத்து உண்மையில் ஒரு சிறு கிளை, அதில் வரிசையாகத் தனித்தனி இலைகள். கோடையில் அந்தச் சிறு கிளையோடு உதிர்ந்துவிடும். ஆயா மரம் சீனத்து எல்ம் மரத்தின் குடும்பம். இலையைக் கசக்கினால் வாடை அடிக்கும், மற்றபடி சாம்பல் பட்டையும் அடர்ந்த கிளையுமாக நன்றாக வரும். அரசுக்கு நான் எப்போதும் ஓட்டுப் போடுவேன். கிணற்றுச் சுவரிலும் பழைய வீட்டுக் கைப்பிடிச் சுவரிலும் முளைத்தது கிடைத்தால், செங்கல் சந்தில் நசுங்கி வளர்ந்த வேர் தானாகவே ஓர் உருவமாக இருக்கும். இலை முழுக்கச் சிறுக்காது. இலை முற்றிய பிறகு காம்பை விட்டுவிட்டு இலையை மட்டும் கத்தரித்தால் அடுத்த தளிர் கொஞ்சம் சிறிதாக வரும். அதுவும் வேரூன்றி நன்றாக இருக்கும் மரத்தில் மட்டும், தொட்டி மாற்றிய ஆண்டில் கூடாது.

இதெல்லாம் இருக்க, நான் முதலிடம் தருவது முள்கிளுவைக்கு.

கொங்குப் பகுதிக்காரர்களுக்குக் கிளுவையை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். காங்கேயம், மூலனூர் பக்கம் மானாவாரி மேய்ச்சல் நிலத்தைக் கொறங்காடு என்போம். கொழுக்கட்டைப்புல், இடையிடையே வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை உயிர்வேலி. காங்கேயம் மாடு வளர்ந்ததே இந்த நிலத்தில்தான். வேலிக்குக் கிளுவைப் போத்தை, அதாவது கிளைத்துண்டை, வெட்டி ஊன்றுவார்கள், வேர் பிடித்துக்கொள்ளும். அதன்பின் வாழ்நாள் முழுக்க வெட்டுதான். மேலே வளர்ந்தால் அரிவாளால் கழிப்பார்கள், எட்டிய மட்டும் ஆடு கடிக்கும். வெட்டுவதும் கடிப்பதுமாகத் தலைமுறை கடந்த வேலியில், இடுப்பு உயரத்துக்குள்ளேயே முண்டும் முடிச்சும் சரிவுமாக நிற்கும் அடிமரங்களைப் பார்த்தால் இவற்றுக்கு முதல் போன்சாய்க்காரன் வெள்ளாடுதான் என்று தோன்றும். மூன்று சிற்றிலை சேர்ந்த சின்ன இலை. பட்டை மெல்லிய காகிதமாக உரிந்து உள்ளே பச்சை தெரியும். வெள்ளைப்போளமும் குக்கிலும் தருகிற மரங்களின் இனம் என்பதால் வெட்டினால் பிசின் மணக்கும். ஆண்டில் பல மாதம் இலையே இல்லாமல் நிற்கும், போன்சாய்க்காரனுக்கு வேறென்ன வேண்டும்?

இப்போது இந்த வேலிகள் போய்க்கொண்டிருக்கின்றன. நிலம் கைமாறினால் முதல் வேலை கல்தூண் நட்டுக் கம்பிவேலி இழுப்பது. பொக்லைன் ஒரு பகலில் மொத்த வேலியையும் பெயர்த்துக் குவித்துவிடும், மறுநாள் தீ. அப்படிக் குவித்திருந்த ஓரிடத்தில் தோட்டக்காரரிடம் நாலு கட்டை கேட்டேன். "ஏனுங்க, அடுப்புக்குக்கூட உருப்படியா எரியாதுங்களே, இதைக் கொண்டுபோயி என்னங்க பண்ணப் போறீங்க?" என்றார். தொட்டியில் வைப்பேன் என்றதும் சந்தேகமாகப் பார்த்துவிட்டு, வேலையாளை விட்டு எடுத்துக் கொடுக்கவும் சொன்னார். வேலி வேலியாகவே இருந்தால் நல்லது என்பதுதான் என் கட்சி. அதில் கூடு கட்டும் குருவிக்கும் அடியில் பதுங்கும் கௌதாரிக்கும் கம்பிவேலி எதற்கு ஆகும்? போகிறது என்று முடிவான பிறகு, நெருப்புக்குப் போவதைத் தொட்டிக்குக் கொண்டு வரலாம் என்கிறேன், அவ்வளவே.

குவியலில் எதை எடுப்பது? பெரும்பாலோர் மேலே பார்த்துக் கிளை அழகாக இருப்பதை எடுக்கிறார்கள். கிளை நாளைக்கு வரும். அடியைப் பாருங்கள். மண்ணைத் தட்டிவிட்டு வேர் எல்லாப் பக்கமும் பரவியிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அடுத்து, அடியில் பருத்து மேலே போகப் போகச் சிறுக்கிறதா என்பது. மேலும் கீழும் ஒரே பருமனாக இருந்தால் அது உலக்கை. எவ்வளவு வயதானாலும் மரமாகத் தெரியாது. மூன்றாவது, அடிமரம் முதல் சாண் அளவிலாவது ஒரு திருப்பம் திரும்பியிருக்கிறதா என்பது. பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் ஆடிக் காற்றில் இந்தப் பக்கத்து மரங்கள் பல கிழக்கே சாய்ந்தே நிற்கும். வேலிக் கிளுவையிலும் அப்படிச் சாய்ந்தது கிடைத்தால், நிமிர்த்தப் பார்க்காமல் அந்தச் சாய்வை வைத்தே மரத்தை அமைக்க வேண்டும். வேர் ஒரே பக்கம் இருந்தால் மற்ற மரம் என்றால் விட்டுவிடுவேன். கிளுவையில் அடியை மட்டமாக அறுத்து, வெட்டுவாய் உலர்ந்த பிறகு மறுபடி போத்தாக ஊன்றிவிடலாம்.

உயரத்துக்குப் பொதுவாகச் சொல்லும் கணக்கு, அடிமரத்தின் குறுக்களவைப் போல் ஆறு மடங்கு. மூன்று அங்குலப் பருமன் என்றால் மரம் ஒன்றரை அடி. ஆனால் முதல் வெட்டு அதிலும் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் விழ வேண்டும். இங்கேதான் எல்லோருக்கும் கை நடுங்கும். நாலடி உயரத்தில் வந்ததை அரையடியாக அறுப்பதா என்று. அறுக்காவிட்டால் மேலே சிறுக்கும் தோற்றம் வரவே வராது. அறுத்த இடத்துக்குக் கீழே வரும் துளிர்களில் ஒன்றைத் தலையாக வைத்துக்கொண்டு, அதைக் கட்டுப்பாடில்லாமல் ஓட விட வேண்டும். பருமனில் கீழ்த்துண்டின் பாதியைத் தாண்டிய பிறகு, இரண்டு கணு விட்டு வெட்ட வேண்டும். அடுத்த துளிரை எதிர்ப்பக்கம் ஓட விட வேண்டும். மறுபடி வெட்டு. சீனாவின் குவாங்டாங் பகுதியில் லிங்னான் முறை என்று வழக்கத்தில் இருப்பது இதுதான்: ஓட விடு, வெட்டு. கிளையை வளைக்கச் சுற்றும் அலுமினியக் கம்பியே பெரிதாகத் தேவைப்படாது. கிளுவையின் சதைப்பற்றான கிளைக்குக் கம்பி சுற்றினால், வளரும் பருவத்தில் சில வாரத்திலேயே பட்டையில் பதிந்து தழும்பாகிவிடும். அந்தத் தழும்பு போக வருடக்கணக்காகும். கத்தரியே போதும். அந்தச் சீனர்கள் இந்த முறையில் வளர்க்கிற ஃபுக்கியன் டீ என்ற செடி நர்சரிகளில் வெளிநாட்டுச் சரக்காக விலைக்கு வருகிறது. நம் புதர்க்காட்டில் குரங்கு வெற்றிலை என்ற பெயரில் ஆடு மேய்கிற செடிதான் அது. இலை உதிர்ப்பது அல்ல என்பதால் இந்தக் கடிதத்தில் அதற்கு இடமில்லை. சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

இந்த ஓட விடும் காலம் முழுக்கத் தரையிலோ பெரிய தொட்டியிலோ நடக்க வேண்டும். கட்டுரையில் இருந்த படங்களைப் பார்த்துவிட்டு முதல் நாளே தட்டையான பீங்கான் தட்டு வாங்கி வைப்பவர்கள் அதிகம். தட்டில் ஏற்றியதும் மரம் பருப்பது ஏறக்குறைய நின்றுவிடும். விரல் பருமனில் ஏற்றினால் பத்து ஆண்டு கழித்தும் விரல் பருமன்தான். அதனால் தட்டு கடைசி. அடிமரமும் முதல் கிளைகளும் அமைய ஐந்தாறு ஆண்டு ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம். அந்த ஆண்டுகளில் மரம் பார்க்க அவலட்சணமாகத்தான் இருக்கும். வீட்டில் திட்டு விழும். கீழ்ப்பக்கம் பருக்க வேண்டும் என்பதற்காகவே ஒரு கிளையை ஓட விட்டிருப்பேன், பின்னால் வெட்டப்போவது, அதைப் பார்த்து வீட்டில் "இதுதானா உங்க கலை?" என்று கேட்டதும் உண்டு.

பெயர்த்து நடும் காலம் முக்கியம். இலையில்லாத மாசி, பங்குனியில் எடுத்து, அடிபட்ட வேரை மழுங்கலில்லாமல் அறுத்து, நிழலில் உலர வைத்து, சித்திரை மழை விழுவதற்கு முன் ஊன்றுவது கிளுவைக்கு ஒத்துவரும். ஊன்றிய கையோடு தண்ணீரைக் கொட்டினால் வெட்டுவாய் அழுகும். அரசு, ஆயா, நெல்லி ஆகியவற்றுக்கு மொட்டு ஊதத் தொடங்கும் அந்தச் சில நாட்கள்தான் வேரைத் தொட நல்ல நேரம். தேதி பார்க்க வேண்டாம், மொட்டைப் பார்த்தால் போதும். மண் கலவைக்கு ஜப்பானிலிருந்து வரும் அகடாமா என்ற களிமண் குருணை தேவையில்லை. உடைந்த செங்கலைத் தட்டி, 3 முதல் 6 மில்லிமீட்டர் வரை சலித்து, தூளைக் கழித்துவிட்டு, கொஞ்சம் மக்கிய தொழு உரம் சேர்த்தால் நீர் தேங்காது. தென்னைநார்த் தூளைக் கட்டுரையாளர் தாராளமாகச் சேர்க்கச் சொல்கிறார். இலையில்லாத மாதங்களில் அது தண்ணீரைப் பிடித்து வைத்துக் கிளுவை வேரை அழுகச் செய்யும். இலை நிறைய இருந்தால் நிறையத் தண்ணீர், இலை இல்லையென்றால் மண் நன்றாகக் காய்ந்த பிறகு கொஞ்சம். ஆடியில் காற்றே தொட்டியை உலர்த்திவிடும், தொட்டியை மேடையோடு சேர்த்துக் கட்டாவிட்டால் உருட்டியும் விடும்.

வீட்டுக்குள் வரவேற்பறையில் வைப்பதைப் பற்றியும் கட்டுரை பேசுகிறது. விருந்தாளி வந்தால் ஒரு வேளை வைக்கலாம். வெயில் படாத மரத்துக்குப் பருவமே தெரியாது. மரத்தைப் பட்டினி போட்டுக் குட்டையாக்குகிறார்கள், பாவம் சேரும் என்று சொல்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: வளரும் பருவத்தில் என் மரங்களுக்கு வேளாவேளைக்குக் கடலைப் புண்ணாக்குக் கரைசல் போகிறது. பட்டினி போட்டால் பட்டுப்போகும், குட்டையாகாது.

கட்டுரை சொல்லாமல் விட்ட இன்னொன்று. காப்புக்காட்டில் போய் மரம் பெயர்ப்பது தமிழ்நாடு வனச் சட்டம், 1882-இன்படி குற்றம். பாறை இடுக்கில் குறுகி நிற்கும் மரத்தைப் பார்த்து ஆசை வருவது எனக்கும் தெரியும். அது அங்கேயே நிற்கட்டும். பட்டா நிலத்தில், நிலத்துக்காரர் சம்மதத்தோடு, எப்படியும் அழியப்போகிற மரத்தை எடுப்பதே முறை.

தங்களுக்கு என் வேண்டுகோள் இரண்டு. அடுத்த முறை இந்தப் பொருளில் கட்டுரை வந்தால் மலைக்கும் சமவெளிக்கும் தனித்தனியாக மாதக் குறிப்புப் போடுங்கள். மற்றது, தங்கள் வேளாண் பக்கத்தைப் படிக்கும் தோட்டக்காரர்களுக்கு ஒரு சிறு அறிவிப்பு: கம்பிவேலி போடுவதற்காகக் கிளுவை வேலியை எடுக்கிறவர்கள், தீ வைக்கும் முன் அடிமரக் கட்டைகளை ஒரு வாரம் மர நிழலில் ஒதுக்கிப் போட்டுவிட்டு, பக்கத்து நர்சரிக்கு ஒரு தகவல் சொன்னால் போதும். மாசி, பங்குனியில் பெயர்த்த கிளுவைக்கட்டை ஒரு வாரம் மண் இல்லாமல் கிடந்தாலும் சாகாது. மழை கண்டதும் துளிர்க்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர்,
தாராபுரம்.